டெல்டாவில் வீடு கட்டுகிறீர்களா? எதற்குக் கூடுதல் காசு போடலாம், எதைத் தள்ளிப்போடலாம்

கான்ட்ராக்டர் கொடுக்கிற தாளில் பெரும்பாலும் மூன்று கட்டம் இருக்கும். பேசிக், ஸ்டாண்டர்டு, பிரீமியம் என்று சதுர அடிக்கு மூன்று விலை. அந்த மூன்றையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். டைல்ஸ் மாறும், குழாய் கம்பெனி மாறும், ஸ்விட்ச் மாறும், பெயின்ட் மாறும், வாசக்கதவு தேக்காகும். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், பேஸ்மட்டம் எவ்வளவு உயரம், உள்ளே எந்த மண்ணைப் போட்டு நிரப்பப் போகிறார்கள் என்பதெல்லாம் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கும், பல தாள்களில் எழுதியே இருக்காது. ஆனால் திருவாரூர், நாகப்பட்டினம், மன்னார்குடி பக்கம் ஒரு வீடு கெட்டுப்போகிறது என்றால் அது கீழே இருக்கிற களிமண்ணாலும் ஈரத்தாலும், மேலேயிருந்து வருகிற ஐப்பசி மழையாலும் சித்திரை வெயிலாலும்தான் கெடுகிறது. பிரீமியம் தாளில் இந்த நான்குக்கும் பதில் இல்லை.

நாங்கள் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வீடு கட்டி 2017 தையில் குடிபோனோம். அடுத்த வருஷம் நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி வந்தது. தோப்பு முழுக்க சாய்ந்தது, மூன்று வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. வீட்டில் போட்ட காசில் எது நின்றது, எது பறந்தது என்று அந்த நாட்களில் நேரில் பார்த்தோம். அதிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வீடு கட்டினாலும் நான் சொல்வது இதுதான்: எந்த ஒரு கூடுதல் செலவுக்கும் முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். இதை இப்போது விட்டுவிட்டால் பிறகு எதையும் உடைக்காமல் சேர்க்க முடியுமா? இது ஐப்பசிக்கு உதவுமா, அல்லது சித்திரைக்கு உதவுமா? பிறகு சேர்க்க முடியாது, மழைக்கோ வெயிலுக்கோ உதவும் என்றால் கடன் வாங்கியாவது இப்போதே செய்யுங்கள். பிறகு சேர்க்கலாம், இரண்டுக்கும் உதவாது என்றால் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் தள்ளிவையுங்கள்.

பூமிக்குள் போகிற காசு

முதலில் மண் பரிசோதனை. டெல்டா முழுக்க ஒரே மண் கிடையாது. தஞ்சாவூருக்கு மேற்கே வல்லம் பக்கம் செம்மண்ணும் செம்புறாங்கல்லும், ஆற்றுப் படுகையில் மணல் கலந்த வண்டல், கிழக்கே போகப் போக ஒட்டுகிற களி. களிமண் மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். பங்குனி, சித்திரையில் வயல் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வீட்டுக்குக் கீழே இருப்பதும் அதே மண்தான். மேலாக அஸ்திவாரம் போட்ட வீடு அந்த ஊதலுக்கும் சுருக்கத்துக்கும் வருஷா வருஷம் ஆடுகிறது. ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காகச் சுவர் விரிசல் விடுவது பல வீடுகளில் இதனால்தான். மேலே எத்தனை முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாலும் அடுத்த கோடையில் அதே கோடு திரும்ப வந்து நிற்கும்.

இதற்கு வழி, ஈரம் மாறாத ஆழம் வரை இறங்குவது. 10, 12 அடிக்குக் குழி துளைத்து, அடியில் குமிழ் போல அகலப்படுத்தி, கம்பி இறக்கிக் கான்கிரீட் போட்டு, மேலே எல்லாப் பைலையும் பீம் போட்டு இணைப்பார்கள். அண்டர் ரீம்டு பைல் என்று இன்ஜினியர் சொல்வது இதைத்தான். உங்கள் மனையில் களி இருக்கிறது என்று பரிசோதனை சொன்னால், எலிவேஷனுக்கு, அதாவது முகப்பு அலங்காரத்துக்கு ஒதுக்கிய காசை எடுத்து இதில் போடுங்கள். செம்மண் என்று வந்தால் இந்தச் செலவே வேண்டாம், அந்தக் காசு மிச்சம். பக்கத்து வீட்டில் பைல் போட்டார்கள் என்பதற்காக நீங்களும் போடவோ, அவர்கள் போடவில்லை என்று நீங்கள் விடவோ கூடாது. நாளைக்கு மாடி எடுக்கிற எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே இன்ஜினியரிடம் சொல்லி, அந்தப் பாரத்துக்குக் கணக்குப் போட்டே அஸ்திவாரம் இறக்குங்கள்.

அடுத்தது பேஸ்மட்டம். தெருவில் ரோடு போடும்போதெல்லாம் ரோடு உயர்கிறது, வீடு உயர்வதில்லை. இருபது வருஷத்துக்கு முன் இரண்டு படி ஏறிப் போன வீடுகளுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம், மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் நேராக நடைக்கு வருகிறது. இன்றைய ரோட்டு மட்டத்துக்கு மேல் குறைந்தது 3 அடி வையுங்கள். அது போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது: 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது தண்ணீர் எதுவரை நின்றது என்று அதே தெருவில் இருக்கிற பெரியவர்களைக் கேளுங்கள். அந்த மழையில் ஒரத்தநாட்டில் மட்டும் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அவர்கள் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கைக்கு மேல் ஓர் அடி உயரத்தில் உங்கள் தரை இருக்கட்டும்.

இன்னொன்றை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது மேலே வந்த களிமண்ணை அப்படியே பேஸ்மட்டத்துக்குள் தள்ளி மூடிவிடுவார்கள், வண்டிக்கூலி மிச்சம் என்று. அந்த மண் உள்ளே கிடந்து சுருங்கும்போது தரை தாழ்கிறது, டைல்ஸ் டொக்டொக்கென்று சத்தம் கேட்கிறது, மூலையில் இடைவெளி விடுகிறது. எங்கள் வீட்டில் பின்கட்டு அறை ஒன்றில் இப்படி ஆகி, குடிவந்த இரண்டாம் வருஷமே தரையைப் பெயர்த்துத் திரும்பப் போட்டோம். களியை அப்புறப்படுத்திவிட்டு மணலோ கிராவலோ கொண்டுவந்து, அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திம்மிசு போட்டு இடித்து இறுக்கச் சொல்லுங்கள். நீங்கள் நேரில் நிற்க வேண்டிய நாள் இது. தரை போடுவதற்கு முன் கரையான் மருந்தையும் அடித்துவிடுங்கள், அது அடிக்கிற நேரம் அதுதான், தரை மூடிய பிறகு ஓட்டை ஓட்டையாகத் துளைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

கான்கிரீட்டில் கூடுதல் காசே தேவைப்படாத ஒரு மேம்பாடு இருக்கிறது, கவர் பிளாக், கம்பி பலகையில் படாமல் தூக்கி நிறுத்த வைக்கிற சின்னக் கட்டை. கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் எவ்வளவு கான்கிரீட் நிற்கிறது என்பதுதான் கம்பியின் ஆயுள். உப்புக்காற்று இல்லாத ஊரில் தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பீமுக்கு 25, தூணுக்கு 40, கடலோரத்தில் இதைவிடக் கூடுதலாக வேண்டும். சென்ட்ரிங் பலகை மேல் கம்பியைக் கிடத்தி, நடுவில் ஜல்லியைச் செருகிவிட்டுக் கான்கிரீட் கொட்டுகிறார்கள் என்றால் வேலையை நிறுத்துங்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் சில வருஷத்திலேயே கூரைக் கம்பி துருப்பிடித்துப் பெயர்ந்து விழுகிற வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று புரியும். அங்கே தண்ணீரையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டரில் 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் அந்தத் தண்ணீரைக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்தியத் தர விதி. போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கிறது என்றால் டேங்கர் தண்ணீர் வாங்குகிற செலவு வீண் செலவு கிடையாது. இப்போது நாம் வாங்குகிற சிமென்ட் பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி (PPC), அதற்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். சித்தாளுக்குக் கூலி கொடுத்தாவது, நாமே காலையும் மாலையும் போய் ஊற்றியாவது அந்த 10 நாளை விடாதீர்கள்.

தலைக்கு மேலே

சித்திரையில் வீட்டுக்குள் வேகிறது என்றால் அதில் பெரும்பங்கு மொட்டைமாடியிலிருந்து இறங்குகிற வெப்பம்தான். ஏசி வாங்குவதற்கு முன் கூரையைப் பாருங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டு ஓடு பதிக்கிற பழைய முறை வெப்பத்தையும் தடுக்கும், மழைத் தண்ணீரையும் வடிக்கும். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் வெள்ளை நிறக் கூல் ரூப் டைல்ஸ். எதைப் போட்டாலும் 10 அடிக்கு 2 அங்குலமாவது வாட்டம் வேண்டும், தண்ணீர் வெளியேறும் குழாய் 4 அங்குலம், அதுவும் ஒரு மாடிக்கு ஒன்றே ஒன்று என்று வைக்காதீர்கள். ஒரு தென்னங்கீற்றுத் துணுக்கு அடைத்துக்கொண்டால் ஒரே ராத்திரியில் மாடி குளமாகிவிடும். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயம், அதை வெறும் கணக்குக்குச் செய்யாமல், நிலத்தடி நீர் உப்பாக இருக்கிற ஊர்களில் முதல் மழையைக் கழித்துவிட்டு மாடித் தண்ணீரைச் சம்ப்புக்கு, அதாவது தரைக்குக் கீழே இருக்கிற தொட்டிக்குத் திருப்பினால் துணி துவைக்க, பாத்திரம் கழுவ நல்ல தண்ணீர் கிடைக்கும்.

சன்ஷேடை ஒன்றரை அடியில் நிறுத்தப் பார்ப்பார்கள். 2 அடி வையுங்கள், எல்லா ஜன்னலுக்கும். சாரல் சுவரில் அடிக்கிறதா, சன்ஷேடில் அடிக்கிறதா என்பதில்தான் உள்சுவரின் ஈரம் இருக்கிறது. மேற்குச் சுவரில் படுக்கையறை வராமல் திட்டம் போடுங்கள். மாடிப்படி, குளியலறை, மூட்டை அடுக்குகிற அறை இவையெல்லாம் மேற்கே போனால் சாயங்கால வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். கிழக்கே பெரிய ஜன்னல் வைத்தால் மாலையில் கடல்காற்று வரும். இதற்கெல்லாம் தாளில் கோடு மாற்றுவது தவிர வேறு செலவில்லை.

மாடியில் தகரக் கொட்டகை போடுகிற பழக்கம் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது. நாங்களும் போட்டோம். கஜா அன்று அது மொத்தமாகப் பெயர்ந்து மூன்று வீடு தள்ளி விழுந்தது, ஆள் மேல் விழாதது தெய்வாதீனம். போடுவதாக இருந்தால் தூணிலிருந்து கம்பியை எடுத்து அதோடு வெல்டிங் செய்து கட்டுங்கள், பாரப்பெட் சுவரில் நாலு போல்ட் அடித்து நிறுத்துவது காற்றுக்கு நிற்காது. பிற்காலத்தில் மாடி எடுக்க வேண்டும் என்று தூண் கம்பியை வெளியே நீட்டி விடுபவர்கள் அதற்கு மேல் பிறகு உடைக்க எளிதாக, சிமென்ட் குறைந்த கலவையில் கான்கிரீட் சுற்றி மூடிவையுங்கள், இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து அங்கே இருப்பது துரு.

கொசுவலை

வீட்டைச் சுற்றி வயல், வாய்க்கால், குளம். நான் எந்த மேம்பாட்டையும் விட இதை முன்னால் வைப்பேன். எல்லா ஜன்னலுக்கும், பின்கதவுக்கும் வலைக்கதவு. வீடு கட்டும்போதே செய்தால் நிலையிலேயே அதற்கு இடம் விட்டுச் செய்வார்கள், பிறகு ஒட்டுகிற வலை ஆறு மாதத்தில் கிழியும். மாலை 6 மணிக்கு ஜன்னலை அடைத்துவிட்டு ஏசியைப் போடுவதா, ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்று வாங்குவதா என்பதே இந்த வலையால்தான் முடிவாகிறது. யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஜன்னல் நல்லதுதான், உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காது, கரையான் வராது. ஆனால் புயல் மழை சாய்ந்து அடிக்கிற வடக்கு, கிழக்குப் பக்கங்களில் நகர்த்துகிற மாதிரி வைத்தால் தடத்து வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். அந்தப் பக்கங்களில் திறந்து மூடுகிற கதவு வையுங்கள்.

மரவேலையில் வாசக்கால் ஒன்றுக்குத் தேக்கு போதும். மற்ற நிலைகளுக்கு நன்றாக உலர்ந்த வேம்பு தாராளமாகப் போதும், தோட்டத்தில் இருந்தால் இப்போதே அறுத்துக் காயப்போடுங்கள்.

கரண்ட், தண்ணீர்

பூச்சு வேலைக்கு முன் சுவருக்குள் வைக்கிற பைப் மிக மலிவு, பிறகு சுவரை வெட்டினால் பெயின்ட் வரை செலவு. அதனால் இப்போது வயர் இழுக்காவிட்டாலும் பைப் மட்டும் வைத்துவிடுங்கள்: இன்வர்ட்டருக்குத் தனி லைன் ஒவ்வோர் அறைக்கும், ஏசிக்கு லைனும் அதன் தண்ணீர் வடிகிற குழாயும், மாடியிலிருந்து மீட்டர் வரை சோலாருக்கு ஒன்று, வாசலிலிருந்து கேமராவுக்கு ஒன்று. லைட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 என்ற வயர் அளவில் விட்டுக்கொடுக்காதீர்கள். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி கட்டாயம். ஈரத்தரையில் வெறுங்காலோடு மோட்டார் போடுகிற வீடுகள் நம்முடையவை, உயிரைக் காப்பாற்றுகிற சாதனம் அது, ஸ்விட்ச் தகட்டின் பளபளப்பைக் குறைத்துக்கொண்டாவது இதை வாங்குங்கள்.

கஜாவுக்குப் பிறகு நாங்கள் கற்றது ஒன்று: வாரக்கணக்கில் கரண்ட் இல்லாதபோது இன்வர்ட்டரால் பயனில்லை, சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது, சார்ஜ் ஏற்ற வழியில்லை. வாடகை ஜெனரேட்டர் வீடு வீடாக வந்து டேங்க் நிரப்பிப் போனது. மெயின் போர்டு பக்கத்தில் வெளி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற ஒரு சேஞ்ச் ஓவர் ஸ்விட்சும் ஜெனரேட்டர் சொருகுகிற பிளக்கும் வைத்திருந்த வீடுகளுக்கு அது ஐந்து நிமிட வேலை. அது இல்லாமல் நேரடியாக வயரைச் சொருகினால் வெளிக்கம்பியில் வேலை செய்கிற மின்வாரிய ஆளுக்கு அடிக்கும், அதைச் செய்யவே கூடாது. உங்கள் ஊரில் மேலாகவே தண்ணீர் கிடைக்கிறது என்றால் தோட்டத்தில் ஓர் அடிபம்பும் போட்டுவையுங்கள்.

சோலார் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். 2024 கணக்கில் நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருந்தது, அதனால் மொத்தமே 200 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு இதில் அவசரம் இல்லை. அதே கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே ஓடிய யூனிட்டுகளுக்கும் விலை ஏறியது, அப்படிப்பட்ட வீட்டுக்கு நல்ல லாபம். ஆனால் ஒன்று: பேட்டரி இல்லாத சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். புயலுக்கு உதவும் என்று நினைத்து வாங்காதீர்கள். மின்விசிறியில் குறைந்த கரண்டில் ஓடுகிற பிஎல்டிசி (BLDC) மோட்டார் விசிறி வாங்குங்கள், பழைய விசிறி 75 வாட் இழுக்கிற இடத்தில் இது 30 வாட் இழுக்கும், இன்வர்ட்டரும் இரட்டிப்பு நேரத்துக்கு மேல் ஓடும்.

குளியலறையில் கூரை ஷவர், ஜெட் ஷவர் என்று கடையில் காட்டுவார்கள். டேங்க் ஷவருக்கு 10 அடி மேலே இருந்தால் அழுத்தம் 0.3 பார்தான் கிடைக்கும், அந்தச் சாதனங்களில் பலவற்றுக்கு அது போதாது, தனியாக பிரஷர் பம்ப் வைக்க வேண்டியிருக்கும். அந்தப் பணத்தில் குளியலறைத் தரைக்குக் கீழே நல்ல வாட்டர் புரூபிங் செய்யுங்கள், டைல்ஸ் ஒட்டும் முன் 2 நாள் தண்ணீர் தேக்கிக் கீழே கசிகிறதா என்று பாருங்கள். செப்டிக் டேங்கை போரிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி வையுங்கள், நீர்மட்டம் மேலே இருக்கிற ஊரில் வெறும் உறிஞ்சுகுழியை நம்ப முடியாது, கார்த்திகையில் அது திருப்பித் தள்ளும்.

சமையல்கட்டு, பெரியவர்கள், திண்ணை

மாடுலர் கிச்சன் தள்ளிப்போடக்கூடியது. மரநாரை அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகை நம் ஈரத்துக்கு இரண்டு மழைக்காலத்தில் ஊதிவிடும். மேடைக்குக் கிரானைட், கீழே அடுக்குக்குக் கடப்பா கல், அது போதும், கதவு வேண்டுமானால் பிறகு அலுமினியத்திலோ, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசியிலோ மாட்டிக்கொள்ளலாம். பால்ஸ் சீலிங், சுவர் பேனல், எலிவேஷன் டிசைன், ஸ்மார்ட் பூட்டு எல்லாம் இதே வரிசை, எந்த வருஷமும் செய்யலாம்.

தள்ளிப்போடக் கூடாதது, தரைத்தளத்தில் குளியலறை ஒட்டிய ஒரு படுக்கையறை. அப்பா, அம்மாவுக்கு மட்டும் இல்லை, நமக்கும் முட்டி வலி வரும். அந்தக் குளியலறைக் கதவு 3 அடி, வாசற்படி உயரம் இல்லாமல், வழுக்காத டைல்ஸ், கம்மோடு பக்கத்தில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி. பேஸ்மட்டத்தை உயர்த்தச் சொன்னேன் அல்லவா, அதனால் வாசலில் படிகளோடு ஓரமாக ஒரு சாய்தளமும் கைப்பிடியும் சேர்த்துவிடுங்கள்.

நெல் வைக்கிற வீடாக இருந்தால் அந்த அறைத் தரையை மற்ற தரையை விட அரையடி உயர்த்துங்கள், சுவரிலிருந்து மூட்டை தள்ளியே இருக்கட்டும்.

அப்புறம் திண்ணை. சதுர அடி வீணாகிறது என்று கான்ட்ராக்டரும் சொன்னார், சிங்கப்பூரில் இருக்கிற மச்சானும் சொன்னார். வாசலில் 3 அடி அகலத்தில், மேலே தாழ்வாரம் இறக்கி, இரண்டு பக்கமும் போட்டோம். அம்மா விடியற்காலை காபியை அங்கேதான் குடிக்கிறார். நடவுக்கு வருகிறவர்கள் கணக்குப் பேசுவது, தெருவில் ஒரு துக்கம் என்றால் நாலு பேர் உட்காருவது, கரண்ட் இல்லாத அந்த மூன்று வாரம் முழுத் தெருவும் இருந்தது எல்லாம் அதில்தான். வாசச் சுவரில் சாரல் படாமல் இருப்பதும் அந்தத் தாழ்வாரத்தால்தான். பிறகு சேர்க்கலாம் என்று விட்டவர்கள் பலர், அந்த இடத்தில் கார் நிற்கிறது.

வேலை தொடங்கும் முன் இதையெல்லாம் உங்கள் கைப்பட எழுதி, ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். பைலின் ஆழம், பேஸ்மட்ட உயரம், நிரப்புகிற மண், கவர் பிளாக், வயர் அளவு, இவை எண்ணோடு இருக்க வேண்டும். பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள். பூச்சு வேலைக்கு முந்தின நாள், ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பைப் பிடித்து வைத்து, பைப் எங்கே போகிறது என்று தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து வையுங்கள், தரைக்குக் கீழே போகிற குழாய்களையும் மூடுவதற்கு முன் அப்படியே. பத்து வருஷம் கழித்து ஒரு ஆணி அடிக்கும்போதும் பிளம்பர் வந்து நிற்கும்போதும் அந்தப் படங்களைத்தான் தேடுவீர்கள், அதனால் போனில் மட்டும் விடாமல் ஒரு பிரதி எடுத்துப் பத்திரத்தோடு வையுங்கள்.